பைப் வேறு, டியூப் வேறு! ஒரு இன்ச்சுக்குள் ஒளிந்திருக்கும் குழப்பம்

தமிழில் "குழாய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள்: பைப், டியூப். பேச்சு வழக்கில் இந்த இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. பைப் என்றால் தண்ணீர் வருவது. டியூப் என்றால் சைக்கிள் டயருக்குள் இருப்பது, அல்லது கூரையில் எரிவது, அல்லது சொன்னது புரிய நேரமாகிறவருக்கு நண்பர்கள் வைக்கும் பட்டப்பெயர். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

குழப்பம் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பிக்கிறது. அங்கே பைப்பும் இரும்பு, டியூப்பும் இரும்பு. பைப்பும் உருண்டை, டியூப்பும் உருண்டை. இரண்டுக்கும் நடுவில் ஓட்டை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கேட்டு மற்றொன்று வந்து இறங்கினால் வேலை நின்றுவிடும்.

"இது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஆட்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், பி.காம். படிப்பவருக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வணிகவியல் முடித்த பலருக்குக் கிடைக்கும் முதல் வேலை எது? அம்பத்தூரிலோ கோவையிலோ ஓசூரிலோ ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு, ஸ்டோர்ஸ், பில் செக்ஷன். ஆர்டர் டைப் செய்பவர் அவர்தான், பில்லைச் சரிபார்ப்பவரும் அவர்தான். இன்ஜினியர் வாயால் சொல்வதைக் காகிதத்தில் எழுதுகிறவர் இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால், தவறு அவர் கையெழுத்தோடுதான் வெளியே போகும்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள்

பைப்புக்கும் டியூப்புக்கும் என்ன வித்தியாசம் என்று பத்து பேரிடம் கேட்டால் ஐந்து விதமான பதில் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. "பைப் உருண்டையாக இருக்கும், டியூப் சதுரமாகவும் இருக்கும்." இது பாதி உண்மை. பைப் எப்போதும் வட்டம்தான். டியூப் வட்டம், சதுரம், செவ்வகம், நீள்வட்டம் எப்படியும் இருக்கலாம். எனவே கேட் செய்யவும் கிரில் செய்யவும் வாங்கும் "சதுர பைப்", பெயர் எப்படி இருந்தாலும் டியூப் வகையைச் சேர்ந்தது. ஆனால் கையில் இருப்பது வட்டமாக இருந்தால் இந்தச் சோதனை உதவாது.

2. "பைப்பில் தண்ணீர், கேஸ் ஏதாவது ஓடும். டியூப் தாங்குவதற்கு." சைக்கிள் ஃபிரேம், நாற்காலிக் கால் எல்லாம் டியூப் என்பது சரி. ஆனால் பாய்லருக்குள் தண்ணீர் நீராவியாக மாறுவது டியூப்பில்தான். ஏசியில் குளிர்வாயு ஓடுவதும் செம்பு டியூப்பில்தான். மருத்துவமனையில் மூக்கில் வைப்பதும் டியூப்தான்!

3. "பைப் பெரியது, டியூப் சின்னது." பொதுவாக அப்படித் தோன்றும். ஆனால் 1/8 இன்ச் பைப்பும் உண்டு, அதைவிடப் பல மடங்கு பெரிய டியூப்பும் உண்டு.

4. "பைப் வளையாது, டியூப் வளையும்." பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை ஓரளவு சரி. கனமான எஃகு டியூப்பைக் கையால் வளைக்க முயன்று பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

5. "டியூப் விலை அதிகம்." அளவுகள் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால் டியூப் செய்வதற்குக் கூடுதல் வேலை உண்டு. ஆனால் விலையை வைத்துப் பொருளை அடையாளம் காண்பது, பில்லைப் பார்த்து சாப்பாட்டின் ருசி சொல்வது போல.

இந்த ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாமே குழாயைப் பார்த்து, தொட்டு, தட்டி வித்தியாசம் கண்டுபிடிக்கப் பார்க்கின்றன. வித்தியாசம் அங்கே கிடைக்காது. எந்த அளவைச் சொல்லி விற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு இன்ச் பைப்பில் ஒரு இன்ச் எங்கே?

ஒரு இன்ச் என்பது 25.4 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த கணக்கு.

அமெரிக்கத் தரப்படி செய்த ஒரு இன்ச் எஃகு பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. அதாவது ஒரு இன்ச்சை விட 8 மி.மீ. அதிகம். சரி, உள்ளே இருக்கும் துவாரம்தான் ஒரு இன்ச் போல என்று நினைத்து அளந்தால் அதுவும் இல்லை. உள்விட்டம் சுவரின் கனத்தைப் பொறுத்து மாறும். அந்தக் கனத்தைக் குறிக்க "ஷெட்யூல்" என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள்.

ஷெட்யூல் 40: சுவர் 3.38 மி.மீ., உள்விட்டம் 26.6 மி.மீ.
ஷெட்யூல் 80: சுவர் 4.55 மி.மீ., உள்விட்டம் 24.3 மி.மீ.
ஷெட்யூல் 160: சுவர் 6.35 மி.மீ., உள்விட்டம் 20.7 மி.மீ.
டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்: சுவர் 9.09 மி.மீ., உள்விட்டம் 15.2 மி.மீ.

நான்கும் "ஒரு இன்ச் பைப்"தான். நான்குக்கும் வெளிவிட்டம் ஒன்றே. உள்ளேயும் சரி, வெளியேயும் சரி, 25.4 மி.மீ. எந்த இடத்திலும் இல்லை! முதல் பைப்பின் துவாரத்துக்கும் கடைசிப் பைப்பின் துவாரத்துக்கும் பரப்பளவில் சுமார் மூன்று மடங்கு வித்தியாசம். ஒரே பெயரைச் சொல்லி வாங்கிய இரண்டு பைப்பில் ஒன்றில் வரும் தண்ணீருக்கு மற்றொன்றில் வருவது ஈடாகாது.

அப்படியானால் அந்த "ஒரு இன்ச்" என்ன? அது ஒரு பெயர், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் நாமினல் பைப் சைஸ் என்கிறார்கள். நாமினல் என்றாலே பெயரளவு. தமிழில் இந்தச் சொல் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்: பெயரளவுக்கு ஒரு இன்ச்!

இதில் இன்னொரு வேடிக்கை. 12 இன்ச் வரைதான் இந்தப் பெயரளவு விளையாட்டு. 12 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 12.75 இன்ச். ஆனால் 14 இன்ச்சிலிருந்து மேலே பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகிவிடும். 14 இன்ச் பைப்பை வெளியே அளந்தால் சரியாக 355.6 மி.மீ., அதாவது 14 இன்ச் இருக்கும்.

ஏன் இப்படி?

யாரும் வேண்டுமென்று குழப்பவில்லை. இதற்குப் பின்னால் ஒரு நல்ல வணிகக் காரணம் இருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் கேஸ் விளக்குக்கும் நீராவிக்கும் இரும்புக் குழாய்கள் தேவைப்பட்டன. வாங்குபவருக்கு முக்கியம் உள்ளே எவ்வளவு ஓடும் என்பது. எனவே உள்துவாரத்தை வைத்துப் பெயர் சொன்னார்கள். ஆனால் குழாயைக் குழாயோடு இணைப்பது வெளிப்பக்கத்தில். வெளியே மரை வெட்டி, சாக்கெட்டில் முறுக்க வேண்டும். ஆளுக்கொரு அளவில் மரை வெட்டினால் ஒருவர் குழாய் இன்னொருவர் சாக்கெட்டில் ஏறாது. பிலடெல்பியாவில் பாஸ்கல் அயர்ன் ஒர்க்ஸ் என்ற ஆலையில் இருந்த ராபர்ட் பிரிக்ஸ் என்ற பொறியாளர் 1862-ல் இதற்கு ஒரு ஒழுங்கான அளவு முறையை வகுத்தார். 1886-ல் அமெரிக்கக் குழாய் உற்பத்தியாளர்கள் அதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் இரும்பு போய் எஃகு வந்தது. அதிக அழுத்தம் தாங்க வேண்டிய வேலைகளும் வந்தன. சுவரின் கனத்தை மாற்ற வேண்டிய நிலை. வெளிவிட்டத்தை மாற்றினால் உலகத்தில் இருக்கிற எல்லா எல்போ, டீ, சாக்கெட், வால்வு, மரை வெட்டும் டை அத்தனையும் வீண். எனவே வெளிவிட்டத்தைத் தொடவில்லை. கனம் கூடினால் உள்ளே சுருங்கட்டும், குறைந்தால் உள்ளே விரியட்டும் என்று விட்டுவிட்டார்கள். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1939-ல் வந்த அமெரிக்கத் தரம் ஷெட்யூல் எண்களைக் கொண்டுவந்து இதற்கு ஒரு வரிசை கொடுத்தது.

பைப் வாங்குபவருக்குத் தரப்படும் வாக்குறுதி, "இது அந்த ஃபிட்டிங்கில் பொருந்தும்" என்பது. இன்ச் கணக்கு அந்த வாக்குறுதியில் சேர்த்தியே இல்லை.

டியூப் சொன்ன சொல் தவறாது

டியூப்பின் வழி வேறு. ஒரு இன்ச் டியூப் என்றால் வெளிவிட்டம் 25.4 மி.மீ.தான். கூடவே சுவரின் கனத்தையும் சொல்லிவிட வேண்டும், மில்லிமீட்டரிலோ கேஜிலோ. கேஜில் சொன்னால் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறக்கக் கூடாது. பர்மிங்காம் கேஜில் 14 என்றால் 2.11 மி.மீ., 16 என்றால் 1.65 மி.மீ.

வீட்டிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. பழைய டியூப் லைட்டின் மேல் டி12, டி8, டி5 என்று போட்டிருப்பார்கள். அந்த எண் என்ன தெரியுமா? விட்டம் எத்தனை "எட்டில் ஒரு இன்ச்" என்பதுதான். டி8 என்றால் எட்டு எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு இன்ச். டி12 ஒன்றரை இன்ச். டி5 என்றால் 5/8 இன்ச். நம் ஊர் தச்சர்களும் பிளம்பர்களும் எட்டில் ஒரு இன்ச்சை "நூல்" என்பார்கள். அந்தக் கணக்கில் டி8 என்பது எட்டு நூல் டியூப், டி5 என்பது ஐந்து நூல் டியூப். வெளியே அளந்ததைப் பெயராக வைத்திருக்கிறார்கள். பெயரளவு என்ற பேச்சே இல்லை.

டியூப்புக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? அது போய் உட்காரும் இடம் அப்படி. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் தடித்த தகட்டில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு டியூப்பை நுழைத்து விரித்து இறுக்குவார்கள். முக்கால் இன்ச் டியூப்புக்கான துளை அதைவிடக் கால் மில்லிமீட்டர் அளவுதான் பெரிதாக இருக்கும். டியூப் கொஞ்சம் பருத்தால் நுழையாது, மெலிந்தால் கசியும். வெப்பம் சுவர் வழியாகக் கடக்க வேண்டியிருப்பதால் கனமும் கணக்கோடு இருக்க வேண்டும். கருவிகளுக்குப் போகும் சின்ன டியூப்களில் மரையே வெட்டுவதில்லை. சுவர் மெல்லியது, மரை வெட்டினால் மிச்சம் இருக்காது. ஒரு வளையத்தை வெளிப்பக்கம் கவ்வ வைத்து நட்டால் இறுக்குவார்கள். கவ்வுவது வெளிப்பக்கத்தை என்பதால் வெளிவிட்டம்தான் எல்லாம்.

தமிழ்நாட்டுக்கு டியூப் புதியதும் அல்ல. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955-ல் தொடங்கப்பட்டது. திருச்சி பெல் வளாகத்தில் பாய்லருக்கான மூட்டில்லா எஃகு டியூப் ஆலை இருக்கிறது. இரண்டும் பெயரிலேயே டியூப் என்று வைத்திருக்கின்றன. காரணத்தோடுதான்.

சுருக்கமாகச் சொன்னால், பைப் என்பது பெயரால் விற்கப்படுவது, டியூப் என்பது அளவால் விற்கப்படுவது. அவ்வளவுதான் வித்தியாசம். அழகான விதி, இல்லையா? இனி இந்த விதி ஹார்டுவேர் கடையில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கலாம்.

ஒரே அரை இன்ச், நாலு அளவு

எந்த ஊரிலும் ஒரு ஹார்டுவேர் கடையில் "அரை இன்ச் பைப்" என்று கேட்டால் கடைக்காரர் "எதில்?" என்பார். அந்த ஒரு சொல்லில் ஒரு பெரிய பாடமே இருக்கிறது.

ஜிஐ பைப்பில் அரை இன்ச்: வெளிவிட்டம் 21.3 மி.மீ.
சாதாரண பிவிசி பைப்பில் அரை இன்ச் என்று கொடுக்கப்படுவது: 20 மி.மீ.
வெந்நீருக்குப் போடும் சிபிவிசி பைப்பில் அரை இன்ச்: 15.9 மி.மீ.
ஏசிக்கான செம்பில் அரை இன்ச்: 12.7 மி.மீ.

பெயர் ஒன்று, பொருள் நாலு. ஏன் என்று பார்த்தால் மேலே சொன்ன விதி உள்ளே ஒளிந்திருப்பது தெரியும். ஜிஐ பழைய இரும்பு பைப் வழி. தண்ணீர் பிவிசி பைப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4985 வெளிவிட்டத்தையே அளவாக எடுத்துக்கொள்கிறது. 20, 25, 32, 40 மி.மீ. என்று போகும். அதாவது பெயர் பைப், அளக்கும் முறை டியூப். சிபிவிசி இன்னும் சுவாரசியம். அது அமெரிக்காவின் செம்புத் தண்ணீர் டியூப் அளவைப் பின்பற்றுகிறது. அந்த முறையில் வெளிவிட்டம் என்பது பெயரளவோடு ஒரு நூல் கூட்டினால் வருவது. அரை இன்ச் என்பது நாலு நூல், அதோடு ஒன்று சேர்த்தால் ஐந்து நூல், அதாவது 15.9 மி.மீ. முக்கால் இன்ச்சுக்கு ஏழு நூல், அதாவது 22.2 மி.மீ. ஆக, டியூப் என்ற பெயர் இருந்தும் பெயரளவு ஒட்டிக்கொண்ட ஒரு விதிவிலக்கு இது. ஏசி செம்பில்தான் சொன்ன அளவும் வெளிவிட்டமும் ஒன்றாக இருக்கும்.

வீட்டு வேலையில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. பிளம்பர் ஒரு அடாப்டர் போட்டு சமாளித்துவிடுவார். பொருந்தாததைக் கொண்டுவந்தால் கடைப்பையன் இன்னொரு முறை ஓடுவான். தொழிற்சாலையில் அப்படி முடியாது.

தரச் சீட்டே குழப்பினால்?

"தரக் குறியீட்டைப் பார்த்தால் பைப்பா டியூப்பா என்று தெரிந்துவிடுமே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நாடு முழுக்க "ஜிஐ பைப்" என்று விற்கப்படும் பொருளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1239. அதன் தலைப்பில் இருக்கும் சொல் "ஸ்டீல் டியூப்ஸ்"! பைப் என்று அதன் பெயரில் இல்லை. ஆனால் உள்ளே அளவுகளைப் பெயரளவுத் துவாரத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள். அதாவது பெயர் டியூப், வழி பைப். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் போடும் பெரிய எஃகுக் குழாய்களுக்கான ஐ.எஸ். 3589-ல் பெயர் பைப், அளவோ வெளிவிட்டத்தில். தலைகீழ்.

ஐ.எஸ். 1239-ல் 25 என்.பி. என்றால் வெளிவிட்டம் சுமார் 33.7 மி.மீ. மஞ்சள் பட்டை போட்ட லைட் வகையில் சுவர் 2.6, நீலப் பட்டை மீடியத்தில் 3.2, சிவப்புப் பட்டை ஹெவியில் 4.0 மி.மீ. உள்விட்டம் முறையே சுமார் 28.5, 27.3, 25.7. பெயரில் இருக்கும் 25-ஐ ஓரளவு நெருங்குவது சிவப்புப் பட்டை மட்டும்தான்.

சாரம் கட்டும் "ஸ்காஃபோல்டிங் டியூப்" வெளிவிட்டம் 48.3 மி.மீ. அது ஒன்றரை இன்ச் பைப்பின் வெளிவிட்டமேதான். எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் "டியூபிங்" அளவுகளில் ஒன்று 2-3/8 இன்ச். இரண்டு இன்ச் பைப்பின் வெளிவிட்டமும் அதே 2-3/8 இன்ச். ஒரே விட்டம் நிலத்துக்கு மேலே இரண்டு இன்ச் பைப், கிணற்றுக்குள் இரண்டே முக்கால் அரைக்கால் டியூப் என்று சொல்லிவிடாதீர்கள், 2-3/8 என்பது இரண்டு இன்ச்சும் மூன்று நூலும்!

வரிச் சட்டம் இன்னும் தெளிவு. அது பிரிக்கவே இல்லை. சுங்கத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் பயன்படும் எச்.எஸ். பட்டியலில் 73-ம் அத்தியாயம் இரும்பு, எஃகுப் பொருட்களுக்கானது. அங்கே 7304, 7305, 7306 மூன்றிலும் டியூப்பும் பைப்பும் ஒரே வரியில் சேர்ந்தே வருகின்றன. மூட்டில்லாததா, வெல்டிங் செய்ததா, வெளிவிட்டம் 406.4 மி.மீ.-ஐத் தாண்டுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. எனவே பில்லில் எச்.எஸ். எண் சரியாக இருக்கிறது என்பதை வைத்து, வந்த பொருள் சரி என்று முடிவு கட்ட முடியாது. வரி அதிகாரிக்கு இரண்டும் ஒன்று. ஃபிட்டருக்கு இரண்டும் வேறு.

பணம் எங்கே போகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. இன்ஜினியர் "ஒரு இன்ச் எஸ்.எஸ். டியூப், அறுபது மீட்டர்" என்கிறார். பர்ச்சேஸில் இருப்பவர், எல்லாம் குழாய்தானே என்று "ஒரு இன்ச் எஸ்.எஸ். பைப்" என்று ஆர்டர் போடுகிறார். சப்ளையர் கேட்டதை அனுப்புகிறார். அவர் மேல் தவறே இல்லை. வந்தது 33.4 மி.மீ., ஃபிட்டிங் காத்திருப்பது 25.4 மி.மீ.க்கு. கேட்ட நீளத்துக்கு வெட்டி அனுப்பிய பொருளை எந்தக் கடைக்காரர் திருப்பி எடுப்பார்? ஒரே ஒரு சொல், முழுப் பணமும் ஸ்டோர் மூலையில் துருப்பிடிக்காமல் கிடக்கும்!

அடுத்தது எடை. எஃகின் எடைக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, மீண்டும் கனத்தால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். அளவெல்லாம் மி.மீ.-ல் இருக்க வேண்டும். 25 என்.பி. மீடியம் மீட்டருக்கு 2.41 கிலோ, ஹெவி 2.93 கிலோ. நூறு நீளம், அதாவது 600 மீட்டர் வாங்கினால் இரண்டுக்கும் சுமார் 310 கிலோ வித்தியாசம். கிலோ கணக்கில் விலை பேசி மீட்டர் கணக்கில் எண்ணினால், அல்லது மீட்டருக்கு விலை பேசி எந்தப் பட்டை என்று பார்க்காமல் விட்டால், இந்த 310 கிலோ யாராவது ஒருவர் பாக்கெட்டிலிருந்து இன்னொருவர் பாக்கெட்டுக்குப் போகும்.

கனத்திலும் ஒரு நுணுக்கம். அதிக வெப்பத்துக்கான கார்பன் எஃகு பைப்பின் அமெரிக்கத் தரமான ஏ106, சுவர் சொன்னதைவிட 12.5 சதவீதம் வரை மெலிந்திருக்க அனுமதிக்கிறது. 3.38 என்று வாங்கியது ஓரிடத்தில் 2.96 இருந்தாலும் அது தரமான பைப்தான், புகார் செல்லாது. பாய்லர் டியூப்பை "மினிமம் வால்" என்று கேட்டு வாங்கினால் சொன்ன கனத்துக்குக் கீழே போகவே கூடாது. இது தெரியாத ஒருவர் பைப்பை அளந்து சப்ளையரோடு சண்டை போடுவார், டியூப்பை அளக்காமல் கையெழுத்துப் போடுவார்.

பணத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 12 மி.மீ. டியூப்பும் அரை இன்ச் டியூப்பும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் 0.7 மி.மீ. அரை இன்ச் ஃபிட்டிங்கில் 12 மி.மீ. டியூப் தடையில்லாமல் நுழையும், நட்டும் முறுகும். 16 மி.மீ.க்கும் 5/8 இன்ச்சுக்கும் வித்தியாசம் 0.12 மி.மீ.தான், கண்ணால் பிரிக்கவே முடியாது. உள்ளே ஹைட்ராலிக் ஆயில் பெரிய அழுத்தத்தில் போகும்போது வளையம் சரியாகக் கவ்வாத டியூப் பிடுங்கிக்கொண்டு வரும். அப்போது அந்த மெஷின் பக்கத்தில் நிற்பவர் ஆர்டர் டைப் செய்தவராக இருக்க மாட்டார்.

அனுபவம் போதாதா?

இந்தத் துறையில் முப்பது வருடம் இருக்கும் ஒரு வியாபாரி இதையெல்லாம் படித்தால் சிரிப்பார். "ஒரு இன்ச் சி கிளாஸ்னு சொன்னா எனக்குத் தெரியாதா? இதுக்கு எதுக்கு இத்தனை புள்ளி, மில்லிமீட்டர்?" என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே பொருளில், தெரிந்த ஆட்களுக்குள் வாய்ச்சொல்லே போதும். அந்த அறிவு மட்டமானது அல்ல, பல வருடம் உழைத்துச் சேர்த்தது.

ஆனால் அந்த அறிவு தெருவைத் தாண்டினால் செல்லாது. ஜிஐ போய் சிபிவிசி வந்தபோது அதே "அரை இன்ச்" அளவு மாறிவிட்டது. வெளிநாட்டு மெஷின் வந்தால் அதில் மி.மீ. டியூப் இருக்கிறது. இணையத்தில் ஆர்டர் போட்டால் எதிரில் "எதில்?" என்று கேட்கக் கடைக்காரர் இல்லை. முப்பது வருட அனுபவஸ்தர் தப்பித்துக்கொள்வார். மாட்டிக்கொள்வது போன மாதம் சேர்ந்த ஸ்டோர் கீப்பரும், முதல் தடவை தொழிற்சாலை வேலை எடுத்த சின்ன ஃபேப்ரிகேட்டரும்தான். நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்தால் தாங்க முடியாதவர்களும் அவர்கள்தான்.

இன்னொரு வாதமும் வரும்: தமிழில் ஒரே சொல் இருப்பதால்தான் குழப்பம், இரண்டுக்கும் தனிச் சொல் உருவாக்க வேண்டும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு சொல் வைத்திருக்கும் ஆங்கிலமே பைப் என்று விற்பதற்கு டியூப் என்று தரம் எழுதியிருக்கிறதே! சொல் கூடுவதால் இந்த நோய் தீராது. எண் கூட வேண்டும்.

என்ன செய்யலாம்?

பைப், டியூப் என்ற சொற்களை நம்பி வாங்குவதை நிறுத்துவதுதான் ஒரே வழி. ஆர்டரிலும் பில்லிலும் கீழே உள்ளவை இருந்தால் எந்தப் பெயர் போட்டாலும் தவறு நடக்காது.

1. வெளிவிட்டம், மி.மீ.-ல். பெயரளவு வேண்டுமானால் பக்கத்தில் எழுதலாம், அதற்குப் பதிலாக எழுதக் கூடாது.
2. சுவரின் கனம், மி.மீ.-ல். கேஜோ ஷெட்யூலோ மட்டும் போதாது. கனம் சராசரியா, குறைந்தபட்சமா என்பதும் வேண்டும்.
3. தர எண்ணும் கிரேடும். ஐ.எஸ். 1239 ஆ, ஏ106 ஆ, வேறெதுவா.
4. மூட்டில்லாததா, வெல்டிங் செய்ததா.
5. ஒரு துண்டின் நீளம், மொத்த நீளம், விலை மீட்டருக்கா கிலோவுக்கா.
6. எதோடு பொருத்தப் போகிறார்கள். மரையா, வெல்டிங்கா, கவ்வும் வளையமா. இந்த ஒரு வரி, மற்ற ஐந்தில் தவறு இருந்தாலும் சப்ளையருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொருள் வந்து இறங்கும்போது ஒரு வெர்னியர் காலிபர் எடுத்து வெளிவிட்டத்தையும் முனையில் கனத்தையும் அளக்க இரண்டு நிமிடம் ஆகும். இதற்கு இன்ஜினியரிங் பட்டம் வேண்டாம், ஸ்டோர் கீப்பரே செய்யலாம்.

கல்லூரிகளும் கொஞ்சம் யோசிக்கலாம். பி.காம். பாடத்தில் விற்பனைப் பொருள் சட்டம் 1930 வருகிறது. பொருளின் விவரத்தைச் சொல்லி விற்றால், வந்த பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அதன் 15-ம் பிரிவு சொல்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதிப் பாஸ் ஆகிவிடுகிறார்கள். அந்த "விவரம்" என்பதை யார் எழுதுவது, எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. விவரமே "ஒரு இன்ச் குழாய்" என்று இருந்தால் சட்டம் யாரைக் காப்பாற்றும்? ஒரு வகுப்பில் இரண்டு துண்டுக் குழாயும் ஒரு காலிபரும் கொண்டுவந்து வைத்து, "இதற்கு ஒரு ஆர்டர் எழுதுங்கள்" என்று சொன்னால் அந்தப் பிரிவு ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்த முறை யாராவது "பைப்புக்கும் டியூப்புக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் பதில் ஒரே வரிதான். பைப் தன் பெயரைச் சொல்லும், டியூப் தன் அளவைச் சொல்லும். வாங்குபவர் இரண்டிடமும் அளவைத்தான் கேட்க வேண்டும்.